காலியாக இருக்க வேண்டிய இடம்

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. எல்லோரும் நலம் என்பதை முதலிலேயே எழுதிவிடு, இல்லாவிட்டால் அவன் பயந்து அடுத்த பஸ்ஸிலேயே ஏறி வந்துவிடுவான் என்று அப்பா சொன்னார். எனவே எல்லோரும் நலம். அம்மாவின் கால்வலி குறைந்திருக்கிறது. அப்பாவின் வேன் மறுபடியும் ஓடுகிறது. வீடு நின்றுகொண்டிருக்கிறது. விடுதி அறையில் உன் கட்டிலுக்கு மேலே இருந்த புத்தகப் பலகையைக் கழற்றிவிட்டாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். தெருவுக்கெல்லாம் புத்தி சொல்லிவிட்டு நீ அதற்குக் கீழேயே தலைவைத்துப் படுத்திருப்பாய் என்பது அவளுடைய கணிப்பு.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் எனக்குப் பேச்சு வராது என்பது உனக்கே தெரியும். நீ அந்தப் பக்கம் "ஹலோ, கேக்குதா, கேக்குதா" என்பாய். நான் இந்தப் பக்கம் கேட்கிறது என்று தலையாட்டுவேன். நீ லைன் சரியில்லை என்று வைத்துவிடுவாய். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எழுதுவதற்கு எனக்குக் கூச்சம் இல்லை, ஏனென்றால் எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை உன் பேராசிரியர் நம் தெருவைப் பார்க்க வருவதற்குள் நீ தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. உட்கார்ந்து படி.

போன முறை இந்தப் பேரிடர் மேலாண்மைப் பாடத்தில் நீ ஏன் தோற்றாய் என்று தெருவுக்கே தெரியும். அப்பா தன் வேனில் பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளிடம்கூடச் சொல்லி வருத்தப்பட்டார். நிலநடுக்கம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு, கட்டடம் எந்தெந்த விதத்தில் இடியும் என்று படம் போட்டுப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, உள்ளே இருக்கிற மனிதர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டுவிட்டாயாம். அதனால்தான் இந்த முறை உன் பேராசிரியர், பேப்பரும் வேண்டாம் பேனாவும் வேண்டாம், ஒரு நிஜத் தெருவை எடுத்துக்கொள், எது யார் தலையில் விழும் என்று பார், அதைக் குறைத்துக் காட்டு, மணி அடித்தால் ஜனங்கள் வீட்டைவிட்டு இறங்கி ஓர் இடத்தில் பத்திரமாக வந்து நிற்கிற மாதிரி பழக்கு, நானே நேரில் வந்து பார்க்கிறேன், அவர்கள் வந்து நின்றால் நீ தேறினாய் என்று சொன்னார். இந்த முறையும் தவறினால் உன்னோடு படித்தவர்கள் மேடையேறிப் பட்டம் வாங்கும்போது நீ கீழே உட்கார்ந்து கை தட்ட வேண்டியிருக்கும். அப்பாவால் அதைப் பார்க்க முடியாது. என்னாலும் முடியாது.

விடுமுறையில் வந்து நீ வீடு வீடாக ஏறி இறங்கினாய். பிறகு எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டுப் பேசினாய். நான் மாடிப்படியில் கதவுக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்டேன். "ஆபத்து வேற, பேரிடர் வேற. நிலம் ஆடுறது ஆபத்து. ஆடுற நேரத்துல நம்ம தலைக்கு மேல பீரோ நிக்குறது நாமளா செஞ்சு வெச்ச ஏற்பாடு" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. வெல்டிங் கடைக்காரரிடம், நெருப்புப் பொறி பறக்கிற கடைக்குள்ளேயே நிறை சிலிண்டர்களை அடுக்கி வைக்கக் கூடாது என்றாய். வீட்டுக்காரரிடம், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்திருப்பது கீழே போகிறவர்களுக்குக் குறி வைத்திருப்பது போல என்றாய். மூன்றாம் மாடியில் எனக்குக் கொக்கி, பொத்தான் தைக்கிற வேலை கொடுக்கும் தையல் அக்காவிடம், கதவை ஒட்டி நிற்கும், கண்ணாடி பதித்த மர பீரோ சாய்ந்தால் கதவைத் திறக்கவே முடியாது என்றாய். அப்பாவிடம், பட்டுப்போன கிளைக்குக் கீழே வேனை நிறுத்தாதே என்றாய். எல்லோரும் நீ சொன்னதைத் தலைமேல் ஏற்றுக்கொண்டார்கள். அதோடு நீ நிறுத்தியிருக்கலாம்.

நீ எதிர்ப்பக்கம் வீட்டுக்காரருடைய காலி மனையைக் கை காட்டி, "நம்ம தெருவுலயே ரொம்பப் பாதுகாப்பான எடம் அதுதான். மேலயும் ஒன்னும் இல்ல, பக்கத்துலயும் ஒன்னும் இல்ல" என்றாய். அத்தனை பேரும் திரும்பி அந்த மனையைப் பார்த்தார்கள். இத்தனை வருடமாக உடைந்த வாளியை எறிவதற்குத் தவிர அதை யாரும் மதித்ததில்லை. அன்றைக்குப் பார்த்த பார்வை வேறு. புதிதாகத் திறந்த கடையைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். நீ கவனிக்கவில்லை. பச்சைப் பலகையில் 'ஒன்றுகூடும் இடம்' என்று பெரிதாகவும், அதற்குக் கீழே 'எப்போதும் காலியாக இருக்க வேண்டும்' என்று சிறிதாகவும் எழுதி நட்டுவிட்டு, "இவ எப்பவும் ஜன்னல்லதான உக்காந்து தைக்கிறா, இவ பாத்துப்பா" என்று என்னைப் பொறுப்பாளராக்கிவிட்டு பஸ் ஏறிவிட்டாய். நான் உன்னை முறைத்தேன். நீ அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டாய்.

மறுநாள் காலை முதலில் வந்தவர் வெல்டிங் கடைக்காரர். கை வண்டியில் சிலிண்டர்களை நிற்க வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் மாடியிலிருந்து ஓடி இறங்கி அவர் முன்னால் போய் நின்றேன். நின்றதோடு சரி.

"என்ன பாப்பா, இத இந்தப் பக்கமா வெச்சுக்கலாமில்ல?"

நான் வாயைத் திறந்தேன்.

"கடைக்குள்ள வெச்சா ஆபத்துன்னு உங்க அண்ணன் சொல்லிட்டாரு. பாதுகாப்பான எடம் எதுன்னும் அவரே சொல்லிட்டாரு. இனிமே நமக்கு என்ன யோசனை. நல்ல படிப்பு பாப்பா அது. கேட்ட ஒடனே வெளங்குது."

நான் வாயை மூடிக்கொண்டேன். என்னிடம் இருந்த பதிலைவிட அவர் சொன்னது தெளிவாக இருந்தது. அவர் சிலிண்டர்களை உன் பலகையில் சாய்த்து வைத்தார். சிறிய எழுத்து வரி அவற்றுக்குப் பின்னால் மறைந்துபோனது. அன்றிலிருந்து அங்கே 'ஒன்றுகூடும் இடம்' மட்டும்தான். அதைப் படித்துவிட்டுச் சாயங்காலம் இரண்டு பேர் வந்து, கூட்டம் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்பதால் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்து, தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்துவிட்டு, நன்றாக இருந்தது என்று போனார்கள்.

அடுத்தது வீட்டுக்காரர். முட்டி வலியோடு, ஒவ்வொரு தொட்டியாக மொட்டை மாடியிலிருந்து தன் கையாலேயே இறக்கினார். "இன்ஜினியர் தம்பி சொன்னா நான் தட்ட மாட்டேன்" என்றார். நம் சமையலறைக் குழாய் ஒழுகுவதை நாம் குடிவந்த நாளிலிருந்து தட்டிக்கழித்துக்கொண்டிருக்கிற மனிதர், உன் பேச்சைத் தட்டவில்லை. எப்படி வேண்டாம் என்பது? மனையின் ஒரு பாதி தோட்டமாகிவிட்டது. அன்று சாயங்காலமே அப்பா வேனைக் கொண்டுவந்து மீதிப் பாதியில் நிறுத்தினார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்தார்.

"இது சாமான் இல்லம்மா, வண்டி. வேணும்னா ஒரு நிமிஷத்துல எடுத்துரலாம்."

அண்ணா, அது உண்மையாகத்தான் இருந்தது, மறுநாள் மத்தியானம் தையல் அக்காவின் பீரோ வரும் வரை. படிக்கட்டில் திரும்பாது என்று அதை மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். கயிற்றைப் பிடித்தவர்கள் நான்கு பேர், வழி சொன்னவர்கள் முப்பது பேர். தெருவைத் தாண்டி, கம்பி வேலி போட்ட மனையின் ஒரே வாசலுக்கு வந்ததும் தூக்கியவர்களுக்குக் கை விட்டுப்போனது. வாசலிலேயே குறுக்கே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவர்கள் போனவர்கள்தான். அக்கா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "கதவ மறிக்கும், கதவ மறிக்கும்னு உங்க அண்ணன் சொன்னான்ல. இப்ப எப்படி மறிக்குதுன்னு பாக்குறேன்" என்றாள். கதவை மறிக்கவில்லை. மனைக்குள் போகிற வழியை மறித்துக்கொண்டு நின்றது. உள்ளே அப்பாவின் வேன் மாட்டிக்கொண்டது. வேனில் அழைத்துப் போக வேண்டிய குழந்தைகளை அப்பா மறுநாள் காலையில் வரிசையாக நடத்திக் கூட்டிப்போனார். அக்கா தினமும் காலையில் உடுப்பு எடுக்க மூன்று மாடி இறங்கி வந்தாள். தெருவில் போகிறவர்கள் பீரோ கண்ணாடியில் தலை வாரிக்கொண்டு போனார்கள். பேராசிரியர் வந்தால் அவரும் தலை வாரிக்கொள்ளலாம், வேறு எதையும் பார்க்க முடியாது என்று நான் ஜன்னலில் உட்கார்ந்து கொக்கியைத் தைத்துக்கொண்டே அழுதேன். ஒரு சட்டைக்குக் கொக்கியையும் அது மாட்டுகிற வளையத்தையும் ஒரே பக்கத்தில் தைத்துவிட்டேன். அக்கா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, நல்லவள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பயப்படாதே, முதல் வரியை ஒரு முறை திரும்பப் படித்துவிட்டு வா.

சனிக்கிழமை மத்தியானம் தரை அதிர்ந்தது. மேசை மேல் ஊசிப்பெட்டி தானாக நகர்ந்தது. தண்ணீர்ப் பானையின் மூடி கடகடவென்று ஆடியது. அம்மா சமையலறையிலிருந்து, "ஆடுது, ஆடுது, அடுப்ப அணச்சுட்டேன், எறங்கு" என்று ஒரே மூச்சில் சொன்னாள். அண்ணா, நீ பார்த்திருக்க வேண்டும். நீ சொன்னதில் ஒன்றைக்கூட யாரும் மறக்கவில்லை. யாரும் பணப்பையைத் தேடவில்லை. யாரும் படியில் முட்டி மோதவில்லை, சுவரோரமாக ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். வீட்டுக்காரருக்கு முட்டி வலி என்பதால் அவரை வெல்டிங் கடைக்காரர் தோளில் பிடித்துக் கூட்டி வர வேண்டும் என்று நீ பிரித்துக் கொடுத்தாயே, அவர் கண்ணாடிக் கவசத்தைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து கூட்டிப்போனார். தெருவே திரண்டு ஒன்றுகூடும் இடத்தை நோக்கி ஓடியது. எதிரிலிருந்தும் ஒரு தெருவே திரண்டு ஓடிவந்தது. பீரோ கண்ணாடி. அதன் முன்னால் போய் எல்லோரும் நின்றுவிட்டார்கள். உள்ளே நுழைய வழியில்லை. நுழைந்தாலும் வேனும் தொட்டியும் சிலிண்டரும் தவிர மனிதர் நிற்க ஒரு சாண் இடமில்லை. திரும்பி வந்து, நம் வீட்டுச் சுவரை ஒட்டி, அந்தப் பழைய கைப்பிடிச் சுவருக்கு நேர் கீழே, எங்கே நிற்கவே கூடாது என்று நீ சுண்ணாம்பால் கோடு போட்டாயோ அந்தக் கோட்டுக்குள் நெருக்கியடித்து நின்றார்கள்.

நான் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுக் கடைசியாக இறங்கினேன். வாசலில் நின்று பார்த்தேன். அம்மா அங்கே நின்றாள். அக்கா அங்கே நின்றாள். தரை இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று எழுதவே கை கூசுகிறது.

"அங்க நிக்காதீங்க. தலைக்கு மேல என்ன இருக்குன்னு பாருங்க."

அத்தனை பேரும் மேலே பார்த்தார்கள். பிறகு ஒரே பாய்ச்சலில் தெரு முனைக்குப் போய்விட்டார்கள். போன பிறகுதான் அக்கா, "இப்ப கத்துனது யாரு?" என்று கேட்டாள்.

"உங்க பொண்ணுதான்னு நெனைக்கிறேன்" என்றார் வெல்டிங் கடைக்காரர் அம்மாவிடம்.

"அவளா இருக்காது" என்றாள் அம்மா.

அந்த நேரத்தில் அடுத்த தெருவிலிருந்து ரோடு ரோலர் ஒன்று திரும்பி வந்தது. நம் பின் தெருவில் தார் போடுகிறார்களாம், நமக்கு யாரும் சொல்லவில்லை. ஓட்டியவர் கூட்டத்தைப் பார்த்து இஞ்சினை அணைத்தார். நிலநடுக்கம் நின்றது. "என்னங்க, யாராவது விழுந்துட்டாங்களா?" என்று கேட்டார். "விழல. அதான் நிக்குறோம்" என்றார் வெல்டிங் கடைக்காரர்.

இந்த அவமானத்தில் புத்தி வந்திருக்கும் என்று நினைப்பாய். நானும் நினைத்தேன். ஆனால் வீட்டுக்காரர் மேலே பார்த்துக்கொண்டே மெதுவாக, "ஒன்னு கவனிச்சீங்களா, தொட்டியெல்லாம் அங்கயே இருந்திருந்தா இந்நேரம் என் கதை முடிஞ்சிருக்கும்" என்றார். உண்மைதான். அக்கா, "பீரோ அங்கயே இருந்திருந்தா நான் கதவத் தொறந்திருக்கவே முடியாது" என்றாள். அதுவும் இருக்கலாம். உன் திட்டம் பிரமாதமாக வேலை செய்கிறது என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். உன்னைப் புகழ்ந்தார்கள். அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். அந்தச் சூட்டிலேயே வெல்டிங் கடைக்காரர், "அப்ப எங்க வீட்டு டி.வி.யையும் தண்ணித் தொட்டியையும் கொண்டாந்து வெச்சுடுறேன்" என்றார்.

"ஆளுங்க எங்க நிப்பீங்க?" என்றேன். முதல் தடவை கத்தியதால் இரண்டாவது தடவை கொஞ்சம் சுலபமாக இருந்தது. "பீரோ பொழச்சுக்கும், தொட்டி பொழச்சுக்கும், வேன் பொழச்சுக்கும். நீங்க எங்க நிப்பீங்க? அங்க வந்து நிக்க வேண்டியது சாமான் இல்ல, நீங்கதான்."

அப்பா கீழே பார்த்தார். கடைசியில் அக்காதான், "சரி, அப்ப ரெண்டாவது பாதுகாப்பான எடம் எது? அத உங்க அண்ணன் சொல்லலையே" என்றாள். நியாயமான கேள்வி. இதை உன் பாடத்தில் சேர்த்துக்கொள். எடுத்து வை என்றால் எங்கே வைப்பது என்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஜனங்கள் எங்கேயாவது வைத்துவிடுவார்கள்.

பிறகு இரண்டு நாள் தெருவே வேலை செய்தது. சிலிண்டர் கொடுக்கிறவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். கடைக்குப் பின்னால் வெயில் படாத வெளி இடத்தில் கம்பிக் கூண்டுக்குள் நிமிர்த்தி நிறுத்திச் சங்கிலி போட வேண்டும் என்றார். கூண்டை வெல்டிங் கடைக்காரரே ஒரு காலையில் பற்றவைத்துவிட்டார். இத்தனை நாள் ஊருக்கெல்லாம் கூண்டு செய்தவருக்குத் தனக்கு ஒன்று செய்துகொள்ளத் தோன்றவில்லையாம். தொட்டிகள் வீட்டுக்குப் பின்னால் தரையில் இருக்கின்றன. இனி அவை கீழே விழ வேண்டுமானால் முதலில் மேலே ஏற வேண்டும். பீரோவைத் தச்சர் கழற்றிப் படி வழியாகவே மேலே கொண்டுபோனார். கழற்றலாம் என்று முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், முதலில் தன்னை யாரும் கூப்பிடவில்லை என்றார். இப்போது அது கதவுக்கு எதிர்ப்பக்கம், சுவரோடு இரும்புப் பட்டையால் இறுக்கப்பட்டு நிற்கிறது. அப்பா வேனைத் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார். நடப்பது உடம்புக்கு நல்லது என்று குழந்தைகளுக்குச் சொன்னதைத் தனக்கும் சொல்லிக்கொள்கிறார்.

நேற்று சாயங்காலம் அம்மா கரண்டியால் தட்டைத் தட்டினாள். எல்லோரும் இறங்கினார்கள், மனைக்குள் போய் நின்றார்கள், எண்ணிப் பார்த்தோம், யாரும் விடுபடவில்லை. அவர்கள் திரும்பிப் போன பிறகு நான் மட்டும் கொஞ்ச நேரம் நடுவில் நின்றேன். மேலேயும் ஒன்றும் இல்லை, பக்கத்திலும் ஒன்றும் இல்லை. நீ சொன்னது சரிதான் அண்ணா, நல்ல இடம்.

ஆகவே நீ எதற்கும் கலங்காதே. பேராசிரியரை வெள்ளிக்கிழமை தைரியமாக அழைத்து வா. இடம் காலியாக இருக்கிறது. காலியாகவே இருக்கும், அதற்கு நான் பொறுப்பு. இந்த முறை மனிதர்களைப் பற்றி ஒரு வரி எழுதச் சொன்னால் எங்கள் எல்லோரையும் பற்றி எழுது, ரோடு ரோலரை மட்டும் விட்டுவிடு. அப்பா, அம்மா இருவருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. தையல் அக்கா, வெல்டிங் கடைக்காரர், வீட்டுக்காரர் எல்லோரும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள். வேளைக்குச் சாப்பிடு. பலகையைக் கழற்று.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை எடுக்க எழுந்தவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டேன். இடம் காலியாக இல்லை. உனக்காக இவ்வளவு தூரம் வருகிற பேராசிரியருக்கு நம் தெரு சார்பில் ஒரு வரவேற்பு கொடுக்காவிட்டால் உன் மானம் என்ன ஆவது என்று பேச்சு வந்ததாம். இவ்வளவு சுத்தமாக, விசாலமாக ஓர் இடம் சும்மா கிடக்கும்போது வேறு எங்கே கொடுப்பது என்று வீட்டுக்காரர் கேட்டாராம். வெல்டிங் கடைக்காரர் இரும்புக் குழாய்களை நட்டுப் பந்தல் போட்டுக்கொண்டிருக்கிறார். நாற்காலிகள் வந்து இறங்கிவிட்டன. தச்சர் மேடைக்கு அளவெடுக்கிறார். விழாக் குழுத் தலைவர் நம் அப்பா. வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே எல்லோரும் அங்கே வந்து உட்கார்ந்துவிடுவார்களாம், ஆகவே மணி அடித்தால் இறங்கி வருவதற்கு ஒரு வீட்டிலும் ஆள் இருக்காது. எல்லாம் உன் மேல் உள்ள பாசத்தில் செய்வது, திட்டவும் மனம் வரவில்லை. பொறுப்பாளர் என்பதால் வரவேற்புரை நான்தான் சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். பேராசிரியரை முன் வரிசையில் உட்கார வைத்துவிட்டு நீ பேசாமல் இரு. நான் மைக்கைப் பிடித்துச் சொல்லப்போவது இவ்வளவுதான்: "ஐயாவுக்கு வணக்கம். எல்லாரும் ஆளுக்கு ஒரு நாற்காலியத் தூக்கிக்கிட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போங்க. பந்தலப் பிரிச்சதும் மணி அடிப்பேன். அப்ப வாங்க."